முதியோர் காப்பும் புதிய கருவிகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. சிலம்பையும் குறளையும் கம்பனையும் துறைபோகக் கற்றோர் இவ்வவையில் பலர் உளர். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கூறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தராகிய நாம் அவர்களுக்கு இலக்கியம் கூற முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆதலின், நம் மேசைக்கு நாள்தோறும் வருவதும், நம் இல்லங்களில் பலருடைய உறக்கத்தைக் கெடுப்பதுமான ஒரு பொருளைப் பற்றியே பேசத் துணிந்தோம். முதியோரைப் பேணுவதில் இக்காலக் கருவிகள் எவ்வளவு உதவும், எவ்விடத்தில் உதவா என்பதே அப்பொருள்.

நாம் வாழும் இக்கரக்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர். மாலையில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் மறுநாள் மாலை சென்னை. அதற்குத் தெற்கே நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ செல்ல இன்னும் ஓரிரவு வேண்டும். ‘அம்மா கீழே விழுந்துவிட்டார்’ என்னும் செய்தி நம்மை வந்தடைய ஒரு விநாடி போதும். நாம் அவரைச் சென்றடைய இரண்டு நாள் ஆகின்றது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கவலை இந்த இடைவெளியே. ஊரை விட்டு வருமாறு அழைத்தால் பெற்றோர் மறுக்கின்றனர். அவர்கள் மறுப்பதிலும் நியாயம் உண்டு. அழைத்து வந்தாலோ, நாம் அலுவலகம் சென்ற பின்னர், மொழி அறியாத ஊரில் தாழிட்ட கதவுக்குள் பகற்பொழுதைக் கழிக்கின்றனர். ஊரில் இருந்தால் ஒரு தனிமை. இங்கு வந்தால் வேறொரு தனிமை.

இது நமக்கு மட்டும் உரிய குறை அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். மக்கள் தொகையில் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். ஒரு குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருகின்றது. அப்பிள்ளைகள் பிழைக்கச் செல்லும் தொலைவோ வளர்ந்து வருகின்றது. கோயம்புத்தூரைச் சுற்றி ஓய்வுபெற்றோர்க்கென்றே குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. படுக்கையருகிலும் குளியலறையிலும் அழைப்பு மணி இருப்பதைத் தம் சிறப்புகளுள் ஒன்றாக இத்தகைய இடங்கள் விளம்பரப்படுத்துகின்றன. அணிந்திருப்பவர் விழுந்தால் தானே உணர்ந்து செய்தி அனுப்பும் கைக்கடிகாரத்தை ஆப்பிள் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. ‘பணத்தை எடுத்து வைத்தால் கவலை தீர்ந்தது’ என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வளவு எளிதில் கவலை தீருமா என்பதை ஆராய்வோம்.

நம் வண்டிகளில் பெட்டிதோறும் அபாயச் சங்கிலி இருக்கின்றது. அதனை இழுத்தால் தடைக் குழாயின் காற்றழுத்தம் குறையும், ஓட்டுநர் உணர்வார், வண்டி நிற்கும். ஆயினும் வண்டி நின்றதோடு உதவி கிட்டிவிட்டதாக ஆகுமா? கார்டு என்று நாம் இன்றும் அழைக்கும் வண்டி மேலாளரோ பிற ஊழியரோ வந்து, எந்தப் பெட்டி, யாருக்கு என்ன துன்பம் என்று கண்டறிய வேண்டும். அதன் பின்னரே சங்கிலி இழுத்ததன் பயன் கிட்டும். முதியோர் கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அழைப்புப் பொத்தானும் இச்சங்கிலி போன்றதே. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்னும் உளவியலறிஞர் 1970-களில் இதனை ஒரு முறையான தொண்டாக அமைத்தார். பொத்தானை அழுத்தினால் தொலைபேசி வழியே ஒரு நிலையத்துக்குச் செய்தி செல்லும். அங்கிருப்பவர் உறவினரையோ அயலாரையோ மருத்துவ ஊர்தியையோ அனுப்பி வைப்பார்.

இப்பொத்தானின் பயனைப் பற்றி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து ஒரு செய்தி உண்டு. 90 வயதைக் கடந்தோரை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அம்முதியோருள் நூற்றுக்கு 60 பேர் அவ்வோராண்டில் ஒரு முறையேனும் விழுந்தனர். விழுந்தோருள் நூற்றுக்கு 30 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எழ இயலாமல் தரையிலேயே கிடந்தனர். விழுவதினும் இவ்வாறு கிடத்தல் கொடிது. உடலில் நீர் வற்றும். அழுந்திய இடம் புண்ணாகும். தசை சிதைந்து சிறுநீரகத்தையும் தாக்கும். இவை அனைத்தையும் தடுக்கவே அழைப்புக் கருவி. அக்கருவி இருந்தும், தனித்திருந்தபோது விழுந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் அதனைப் பயன்படுத்தவே இல்லை!

ஏன் பயன்படுத்தவில்லை? சிலர் கருவியை அணிந்திருக்கவில்லை. சிலர் தாமே எழுந்துவிடலாம் என்று எண்ணினர். சிலர் பிறர்க்குத் தொல்லை தர நாணினர். வேறு சிலர், அழைத்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று விடுவர், பின்னர் வீடு திரும்ப இயலாது என்று அஞ்சினர். நம் பெற்றோரை இங்கு நினைத்துப் பார்ப்போம். நள்ளிரவில் மார்பு வலித்தாலும், ‘பிள்ளை காலையில் வேலைக்குப் போக வேண்டுமே, விடிந்தபின் சொல்லலாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போர் அன்றோ அவர்கள்? இதில் கேம்பிரிட்ஜ் மூதாட்டிக்கும் கும்பகோணத்து மூதாட்டிக்கும் வேற்றுமை இல்லை. ஆகவே பொத்தானை வாங்கிக் கொடுத்தல் பாதி வேலையே. ‘நீங்கள் அழைத்தால் அது எமக்குத் தொல்லை ஆகாது’ என்னும் உறுதியை அவர்கள் மனத்தில் ஊன்றச் செய்தல் மறுபாதி. எப்பொழுது தொலைபேசியில் அழைத்தாலும் ‘என்ன அவசரம்? பிறகு பேசுகிறேன்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை வாங்கித் தரும் பொத்தானை எந்தத் தாய் அழுத்துவாள்?

அழுத்தினால் மட்டும் போதுமா? மறுமுனையில் இருப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. ரயில்வேயில் ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்குப் பாதுகாப்புக்குரிய செய்தியொன்றைக் கூறினால், கூறியதோடு கடமை முடிவதில்லை. இரு நிலையத்தாரும் தனி எண் ஒன்றைக் கொடுத்து வாங்கி ஏட்டில் குறித்துக்கொள்வர். கேட்டவர் கேட்டார், ஏற்றவர் ஏற்றார் என்பதற்கு அவ்வெண்ணே சான்று. நம் வீடுகளில் நடப்பது என்ன? ஊரிலுள்ள தந்தையின் கருவி மகனுடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகின்றது. மகனோ கரக்பூர்ப் பணிமனையின் இரைச்சலுக்கு நடுவே நிற்கின்றான். மாலையில் பார்க்கும்பொழுது அச்செய்தி நாற்பது செய்திகளுக்கு அடியில் கிடக்கின்றது. இதனைச் செய்தி சேர்ந்ததாகக் கொள்ள இயலுமா? ஊரில், தெருவில், வீட்டுச் சாவி ஒன்றைத் தம்மிடம் வைத்திருக்கும் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவர் சென்று பார்த்து, ‘பார்த்தேன்’ என்று நமக்குச் சொல்ல வேண்டும். அதுவே நம் தனி எண்.

கேட்டால் உதவும் கருவியை இதுவரை கண்டோம். கேளாமலே குறிப்பறியும் கருவிகளும் உண்டு. நம் எஞ்சின்களில் விழிப்புக் காவற்கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. ஓட்டுநர் ஏறத்தாழ 60 விநாடி நேரம் எதனையும் இயக்காதிருந்தால் முதலில் விளக்கு எரியும்; பின்னர் ஒலி எழும்; அதற்கும் மறுமொழி இல்லையாயின் தடை தானே விழுந்து வண்டி நிற்கும். அவர் உதவி கேட்க வேண்டுவதில்லை. அவருடைய அசைவின்மையே செய்தி. ஜப்பானில் சோஜிருஷி என்னும் நிறுவனம் 2001இல் இத்தன்மையுடைய ஒரு வெந்நீர்க் கெண்டியை அறிமுகப்படுத்தியது. அந்நாட்டு முதியோர் நாளும் பலமுறை தேநீர் அருந்துவர். கெண்டியிலிருந்து நீர் எடுத்த செய்தி தொலைவிலுள்ள பிள்ளைக்குச் சென்று சேரும். காலையில் கெண்டி வேலை செய்யவில்லை என்றால் பிள்ளை தொலைபேசியை எடுப்பான். தாய் எதையும் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. எதையும் அணிய வேண்டுவதில்லை. அவளைக் கண் ஒன்று நோக்கிக்கொண்டும் இருப்பதில்லை. அவள் தேநீர் அருந்துகின்றாள், அவ்வளவே.

இதனை நம் ஊரோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம் தெருக்களில் இக்காவல் கருவியின்றியே நடந்து வந்தது. காலையில் வாசலில் கோலம் இல்லை என்றால் எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்டுவர். பால்காரர் நேற்றைய பால் எடுக்கப்படாதிருத்தலைக் கண்டு குரல் கொடுப்பார். எதிர்வீடு பூட்டிக் கிடக்கவும், பால் பையில் தொங்கவும் தொடங்கிய பின்னரே நமக்குக் கருவி தேவைப்பட்டது. எனவே கருவியைப் பழிக்கவும் வேண்டா. அது யாருடைய இடத்தை நிரப்ப வந்தது என்பதை மறக்கவும் வேண்டா.

இங்கு நிழற்படக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். கேமரா விலை மலிந்துவிட்டது. கூடத்திலும் படுக்கையறையிலும் அதனை மாட்டி, பெற்றோரை அலுவலகத்திலிருந்தே நோக்கிக்கொண்டிருப்போர் உளர். அன்பினால் செய்வதே எனினும், உடைமாற்றும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் நோக்கப்படுவதை எவர்தாம் விரும்புவர்? எழுபது ஆண்டுகள் மானத்தோடு வாழ்ந்தவர்க்கு முதுமை அம்மானத்தைப் பறிக்கும் பருவம் ஆகலாகாது. மறதி நோய் முற்றி வீட்டை விட்டு வெளியேறும் முதியவர்க்கு இருப்பிடம் காட்டும் கருவி இன்றியமையாததாகலாம்; தெளிந்த அறிவுடையவர்க்கு அது காவலன்று, சிறை. எக்கருவியாயினும் அவரைக் கேட்டு, அவர் இசைந்தபின் வைத்தலே முறை.

‘மனிதர் கிடைக்கவில்லை, ஆகவே இயந்திர மனிதரை வைத்துக்கொள்ளலாம்’ என்பாரும் உண்டு. இவ்வழியில் நெடுந்தொலைவு சென்று பார்த்த நாடும் ஜப்பானே. அங்கு ஷிபாத்தா தக்கானோரி என்னும் அறிஞர், ‘பாரோ’ என்னும் பெயரால் கடல்நாய்க் குட்டி வடிவில் ஒரு பொறியை அமைத்தார். தடவிக் கொடுத்தால் அது தலையசைக்கும், குரல் கொடுக்கும். மறதி நோயுற்றோரில் சிலர் அதனை மடியில் வைத்து அமைதி பெறுகின்றனர். நோயாளியைத் தூக்கி அமர்த்தக் கரடி முகங்கொண்ட ‘ரோபேர்’ என்னும் பொறியை ரிக்கென் ஆய்வு நிலையம் 2015இல் காட்டியது. அது முதியோர் இல்லங்களின் அன்றாடப் பயனுக்கு வரவில்லை. ஜேம்ஸ் ரைட் என்னும் ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் தங்கி, இயந்திரங்கள் வந்தபின் அங்கு நிகழ்ந்ததைக் கண்டு 2023இல் நூலாக எழுதினார். பணியாளரின் சுமை குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் கூடியதையே அவர் கண்டார். இயந்திரத்தை எடுத்து வர வேண்டும், துடைக்க வேண்டும், மின்னேற்ற வேண்டும், முதியவரோடு அதனை விட்டுவிட்டால் அருகில் நின்று கவனிக்கவும் வேண்டும். பேணுவோர்க்கு உரிய ஊதியமும் மதிப்பும் கொடாமல், அவர்க்கு மாற்றாக இயந்திரத்தை நிறுத்த முயலும் நாடு எதுவாயினும் இப்பாடத்தைக் கற்றே தீர வேண்டும்.

விந்தைக் கருவிகளைப் பேசியபொழுது எளிய கருவிகளை நாம் மறந்துவிடலாகாது. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை விரிப்பு, இரவில் நடைவழியில் எரியும் சிறு விளக்கு, உயரமான கழிப்பிருக்கை, நான்கு கால் ஊன்றுகோல். எலும்பு முறிவுகள் பலவற்றைத் தடுக்கவல்லவை இவை. செவிக்கருவியும் அத்தகையதே. கேள்விக் குறைவைக் கவனியாது விடுதல் மறதி நோய்க்கான ஏதுக்களுள் ஒன்று என்பதை லான்செட் மருத்துவக் குழு 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளில் எடுத்துரைத்துள்ளது. ‘அப்பாவுக்குக் காது மந்தம்’ என்று சிரித்துவிட்டுப் போகின்றோம். அவரோ பேச்சிலிருந்து சிறுகச் சிறுக ஒதுங்கி விடுகின்றார். வறுமையிலுள்ள முதியோர்க்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, கண்ணாடி, செவிக்கருவி, பல்வரிசை ஆகியவற்றை இலவசமாக வழங்கும் மைய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல் முதல் நாளன்று நெல்லூரில் தொடங்கப்பட்டது.

நம் மேசைக்கு வரும் பொருளுக்கு இனி வருவோம். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம். முன்னாளில் நடக்க மாட்டாதவரைக் கட்டிலோடு தூக்கி வங்கிக்குக் கொண்டுவந்த காட்சிகள் உண்டு. 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்முறைச் சான்று வந்தது. அதற்குக் கைரேகையோ கருவிழிப் பதிவோ வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதிவது அரிது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் முறை வந்த பின்னர் அத்தொல்லை பெரிதும் நீங்கிற்று. சாதாரணக் கைப்பேசியின் கேமரா போதும். படுக்கையில் இருந்தபடியே முடித்துவிடலாம். கருவியால் முதியோர்க்கு விளைந்த தெளிவான நன்மை இது. எனினும் இங்கும் அக்கைப்பேசியைப் பிடித்து, ‘கண்ணைச் சிமிட்டுங்கள், தாத்தா’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

கைப்பேசியால் வரும் தீங்கையும் சொல்லியாதல் வேண்டும். காவல் அதிகாரி போல் வீடியோவில் தோன்றி, ‘உம்மைக் கைது செய்துள்ளோம்; பணம் அனுப்பும்’ என்று மிரட்டும் கயவர், தனித்திருக்கும் முதியோரையே பெரிதும் நாடுகின்றனர். தொலைபேசி வழியே கைது செய்யும் சட்டம் நம் நாட்டில் இல்லை என்பதைப் பெற்றோர்க்குப் பலமுறை சொல்லி வைப்போம். ஏமாந்தால் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். முதியோர்க்கென்றே 14567 என்னும் கட்டணமில்லா உதவி எண் 2021 அக்டோபர் முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் இயங்கி வருகின்றது. அவசர உதவிக்கு 112.

ஊரில் இருக்கும் பெற்றோர்க்கு இன்னுமொரு துணை உண்டு. தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர்க்கு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நம் தெருவுக்கு வரும் அத்தொண்டரின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கைக்கடிகாரம் வாங்குமுன், அவரை ஒருமுறை கண்டு பேசி, எண்ணைக் குறித்துக்கொள்வது மேல்.

இனி, இங்கு நம்மோடு வாழும் முதியோர். மறதி நோய் முற்றும்பொழுது பின்னர்க் கற்ற மொழிகள் முன்னர் மறைந்து, தாய்மொழி மட்டும் எஞ்சுதல் உண்டு. நாற்பது ஆண்டுகள் வங்காளியும் இந்தியும் சரளமாகப் பேசியவர் ஒருநாள் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். அருகிலிருக்கும் பணிப்பெண்ணுக்கு அச்சொல் விளங்காது. நாவறண்டவர் கேட்கின்றார்; கேட்டவளோ திகைக்கின்றாள். மொழிபெயர்க்கும் கருவி கைப்பேசியில் உண்டுதான். நடுங்கும் குரலில், பாதி உதிர்ந்த பற்களின் வழியே வரும் வட்டாரத் தமிழை அது எந்நேரமும் அறியும் என்று நம்பியிருத்தல் ஆகாது. மொழியைக் காப்பதற்கென்று நம் முன்னோர் இச்சங்கத்தை நிறுவினர். அம்மொழியில் ஒருவர் தண்ணீர் கேட்கும்பொழுது விளங்கிக்கொள்ள ஆள் இல்லையெனின், நாம் எதனைக் காத்தோம்?

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, தனித்து வாழும் நம் மூத்த உறுப்பினர்க்கு நாள்தோறும் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு. முறை வைத்து இளைஞர் பத்துப் பேர் இதனை ஏற்றால் ஒருவர்க்கு மாதத்தில் ஏறத்தாழ மூன்று நாளே வரும். எடுக்கவில்லை எனில், அரைமணிக்குள் அருகிலுள்ள உறுப்பினர் சென்று பார்த்து வர வேண்டும். இரண்டாவது, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்தில் உயிர்வாழ்வுச் சான்றுக்கு உதவும் மேசை. வர இயலாதவர் வீட்டுக்கு நாமே செல்லுதல். மூன்றாவது, சக்கர நாற்காலி, நடைச்சட்டம், காற்றுப் படுக்கை, ஆக்சிசன் தரும் கருவி ஆகியவற்றை வாங்கி வைத்து, நூலகத்திலிருந்து நூலைக் கொடுப்பது போல் கொடுத்து வாங்குதல். நான்காவது, வாரத்தில் ஒருநாள், தமிழ் பேச ஆளில்லாத முதியவர் வீட்டுக்குச் சென்று ஒருமணி நேரம் அவரோடு பேசி இருத்தல்.

இவை இயலாதவை அல்ல. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், அயலார் வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்கியதாலேயே ஊர்தோறும் பரவிற்று. அவர்கள் பெருஞ்செல்வர் அல்லர்; நம்மைப் போன்றவரே. நாற்பதைக் கடந்த நம்மைப் போன்றோர்க்கு இதில் தன்னலமும் கலந்திருக்கின்றது. இன்னும் இருபது ஆண்டில் அப்பொத்தானை அணிந்திருக்கப் போகின்றவர் நாமே. அன்று நாம் அழைத்தால் எடுப்பவரை இன்றே பழக்க வேண்டும்.

கருவி வரட்டும், வாங்குவோம், கற்போம், பெற்றோர்க்கும் கற்பிப்போம். தொலைவைச் சுருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. சுருங்கிய தொலைவின் மறுமுனையில் நிற்க வேண்டிய கடமை நம்முடையது.  காலை அழைப்புக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களுக்காக வாயிலருகே ஓர் ஏடு வைக்கப்பட்டுள்ளது. முதற்பெயராக நம் பெயரை எழுதிவிட்டே மேடை ஏறினோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!